கடைசி மடையின் கமக்காரி

கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எங்கள் குளத்துத் தண்ணீரில் இறங்கி நின்று சத்தியம் செய்கிறேன். முழங்கால் வரைதான், அதற்கு மேல் இறங்கினால் எனக்கு வாதம் பிடிக்கும். சத்தியத்துக்கு முழங்காலளவு தண்ணீர் போதும் என்று கோயில் ஐயரிடமும் கேட்டு வைத்திருக்கிறேன். குளத்தின் பெயரை மட்டும் எழுதமாட்டேன். ஜெயபுரத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போகிற வழியில் எங்கேயோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் ஓர் அலுவலகத்துக்கு நெஞ்சு நோகும். எனக்கு யாருடைய நெஞ்சையும் நோகவைத்துப் பழக்கமில்லை.

என் பெயர் வீரகத்தி. கனகாலமாக எங்கள் வாய்க்காலுக்கு நான்தான் வட்டவிதானை. அதாவது, யாருடைய வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைத்து மடை திறந்துவிடுகிற ஆள். என்னிடம் சட்டப் புத்தகம் ஒன்றும் இருக்கவில்லை. ஒரேயொரு விதிதான்: மடையில் மண்வெட்டியோடு நிற்கிற ஆளுக்குத் தண்ணீர், நிற்காத ஆளுக்கு இல்லை. காய்ச்சலென்றால் பெண்சாதியை அனுப்பலாம். பெண்சாதிக்கும் காய்ச்சலென்றால் மண்வெட்டியை மட்டும் நட்டுவிட்டுப் போகலாம். மண்வெட்டி நிற்கிறதல்லவா.

போன வருடம் சிறுபோகம் தொடங்குமுன் ஓர் அலுவலகம் வந்து எங்கள் மடைகளுக்கு மின்சார மோட்டர் வைத்த இரும்புக் கதவுகள் பொருத்தியது. கதவுகளுக்கு மூளை கிளிநொச்சியில் ஒரு கணினிக்குள் இருந்தது. முறை வந்ததும் கணினி கைபேசிக்குத் தகவல் அனுப்பும், கதவு திறக்கும், அளவு முடிந்ததும் மூடும். எனக்கு வேலை போய்விட்டது. அதற்காக நான் வருத்தப்பட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் அந்தக் கிழமை சாப்பிடாமல் கிடந்தது பல்லு நோவினால்.

அந்த மூளையை எழுதியவள் யதுர்ஷிகா. மாங்குளத்துப் பெட்டை, ஸ்கூட்டியில் வந்து போவாள். வயல் செய்கிற கமக்காரர் ஒன்றைப் பயன்படுத்தினால் விளங்கித்தான் பயன்படுத்த வேண்டும் என்று அவளுக்கொரு பிடிவாதம். அதனால் சனிக்கிழமைப் பின்னேரங்களில் கமக்காரர் அமைப்பின் மண்டபத்தில் எங்களைக் கதிரையில் இருத்திப் பாடம் எடுத்தாள். மண்டபத்துக்கு யன்னல் உண்டு, யன்னலுக்குக் கதவு இல்லை. சோழகக் காற்று அடித்த அடியில், அவள் சுவரில் விழுத்திக் காட்டுகிற எழுத்துகளில் பாதி பறந்து அடுத்த வளவுக்குள் போய்விடும். பாடம் முடிய நாங்கள் போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவோம். ஒரு ‘ஞ’ இன்னும் கிடைக்கவில்லை.

முதல் நாளே அவள் சொன்னது எங்களுக்குப் பிடிபட்டுவிட்டது. கணினிக்குள் ஒரு சாமான் வேண்டுமென்றால் முதலில் அதற்கொரு அச்சு எழுத வேண்டும். அச்சுக்குப் பெயர் வகுப்பு. அச்சிலிருந்து வருவதற்குப் பெயர் பொருள். நாங்கள் எல்லோரும் வீட்டுத்திட்டத்துக்குச் சீமெந்துக்கல் அரிந்தவர்கள். அச்சு ஒன்று, கல் எத்தனையோ. அச்சை வைத்துச் சுவர் கட்ட ஏலாது. ஒரு கல்லில் நாய் மிதித்த தடம் இருக்கும், இன்னொன்றில் மூலை உடைந்திருக்கும். ஒன்றின் மூலை உடைந்தால் மற்றதுக்கு நோகாது. ஆனால் அச்சே கோணலென்றால் எல்லாக் கல்லும் கோணல்.

அந்தத் திட்டத்து வீடுகளும் அப்படித்தான். ஒரே வரைபடம், வரிசையாக ஒரே வீடு. ஒருநாள் நான் வெயிலுக்குள்ளால் வந்து, கைகால் கழுவி, குசினிக்குள் போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டு, படுத்து நித்திரையாகி, எழும்பித் தேத்தண்ணி கேட்ட பிறகுதான் அது என் வீடில்லை என்று தெரிந்தது. தேத்தண்ணி கொண்டுவந்து தந்த அந்த வீட்டுக்காரி கமலாசனிக்கும் அதுவரை தெரியாது. அவள் என்னைத் தன் மாமனார் என்று நினைத்திருக்கிறாள். மாமனார் அந்நேரம் என் வீட்டுக் கட்டிலில் படுத்திருந்தார். இதை நான் மண்டபத்தில் எழும்பிச் சொன்னபோது யதுர்ஷிகா, “வகுப்பு ஒண்டு, பொருள் ரெண்டு, முகவரி பிழை, அப்பு” என்றாள். இதைவிட வடிவாக யாரும் விளக்க ஏலாது.

இரண்டாம் கிழமை எங்களுக்கான அச்சைக் காட்டினாள். அதற்குப் பெயர் ‘கமக்காரர்’. ஒவ்வொரு கமக்காரருக்கும் சில பண்புகள்: பெயர், மடை இலக்கம், கைபேசி, காணிக்கு அரசாங்கம் தருகிற அனுமதிப் பத்திரமான பேர்மிற்றின் இலக்கம். செய்யத் தெரிந்த வேலை ஒன்றுதான்: தண்ணீர் எடு. பேர்மிற் இலக்கம் கட்டாயம். அது இல்லாவிட்டால் அந்த அச்சிலிருந்து ஆளே பிறக்காது. அப்படித்தான் வேண்டும் என்று அலுவலகம் சொன்னது. அலுவலகத்துக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் அமைப்பின் செயலாளர் திலீபன். கெட்ட மனிசனல்ல. காற்றிலும் தலை கலையாத ஒருவிதமான ஆள். எல்லாருக்கும் ஒரே விதி என்றால் சண்டை வராது என்பது அவருடைய கட்சி.

முன்வரிசையில் இருந்த சுப்பம்மா கையை உயர்த்தினாள்.

சுப்பம்மாவின் வயல் வாய்க்காலின் கடைசியில். அவளுடைய தாய் தகப்பன் எழுபதுகளின் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்தைவிட்டு வந்து, இங்கே காடு வெட்டி, பாம்போடும் மலேரியாவோடும் முட்டி அந்த வயலை உண்டாக்கினார்கள். சண்டைக்காலத்தில் சுப்பம்மாவும் எல்லாரையும்போல விட்டுவிட்டு ஓடி, எல்லாரையும்போல திரும்பி வந்து, மறுபடி வெட்டினாள். பேர்மிற் கிடைக்கவில்லை. அடுத்த நடமாடும் சேவையில் தருவோம் என்று சொன்ன அதிகாரிகள் பலர் இளைப்பாறிவிட்டார்கள், சிலர் மோட்சம் போய்விட்டார்கள். அவளுடைய மடை என் கணக்கில் முப்பத்தோராவது. அலுவலகத்து வரைபடத்தில் முப்பதோடு வாய்க்கால் முடிந்துவிடும். கதவு பொருத்த வந்த பெடியள் மட்டும் வாய்க்காலைப் பார்த்துப் பொருத்தினபடியால் அவளுக்கும் ஒரு கதவு கிடைத்தது. மூளைக்குள் ஆள் இல்லாத கதவு.

“எம் பேரு எங்கம்மா வருது?” என்று கேட்டாள்.

யதுர்ஷிகா பெயரை அடித்தாள், மடை இலக்கத்தை அடித்தாள், பேர்மிற் என்ற இடத்தை வெறுமையாக விட்டாள். சுவர் சிவந்தது. திரும்ப அடித்தாள். திரும்பவும் சிவந்தது. அந்தச் சிவப்பில் முன்வரிசைக்காரர் முகமெல்லாம் சூரன்போர் பார்க்கிற மாதிரி இருந்தது.

“விடுகுதில்லை அம்மா” என்றாள் யதுர்ஷிகா, சின்னக் குரலில்.

பிறகு, ஏற்கெனவே பிறந்துவிட்ட கமக்காரரை ஒவ்வொருவராகச் சுவரில் காட்டினாள். அதில் திலீபனுடைய தகப்பன் நாகமுத்தர் இருந்தார். நாகமுத்தர் காலமாகிக் கனகாலம். பேர்மிற் அவர் பெயரில்தான் இன்னும் கிடக்கிறது. மகன் பெயருக்கு மாற்றித் தரவில்லை. ஆகவே கணினி கமக்காரர் என்று கண்டது நாகமுத்தரைத்தான். ‘நாகமுத்தர் அவர்களே, நாளை உங்கள் முறை’ என்று தகவல் வரும்போதெல்லாம் திலீபன் அதை வாசித்துவிட்டுக் கைபேசியைச் சட்டைப்பைக்குள் மெதுவாக வைப்பார். அதே சுவரில், ரொறன்ரோவில் இருக்கிற ஒருவரும் கமக்காரராக நின்றார். அவருடைய வயலை வேறு ஆள் செய்கிறார், ஆனால் தகவல் ரொறன்ரோவுக்குத்தான் போகும். அங்கே சாமம். மனிசன் நித்திரையால் எழும்பி இங்கே செய்கிறவருக்குக் கோல் எடுத்துச் சொல்லவேண்டும்.

சுப்பம்மா எல்லாவற்றையும் பார்த்தாள். அடுத்த சனிக்கிழமை மண்வெட்டியோடு வந்து அதே முன்வரிசைக் கதிரையில் இருந்தாள். அதற்கு அடுத்த சனிக்கிழமையும். மண்டபத்துக்குள் மண்வெட்டி கொண்டு வரக்கூடாது என்று திலீபன் ஆள்விட்டுச் சொல்லிப் பார்த்தார். கதிரைக்குக் காலிருக்கிறதே, அது உள்ளே வரலாமென்றால் மண்வெட்டியும் வரலாம் என்று பதில் வந்தது. அதில் என்ன நியாயம் என்று திலீபன் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார். அதற்கிடையில் அவளுடைய பயிர் இளம்பச்சையிலிருந்து மஞ்சளுக்குத் திரும்பத் தொடங்கியிருந்தது. நான் வாளியால் ஊற்றிப் பார்த்தேன். வயலுக்கு வாளித் தண்ணீர் என்பது யானைக்கு ஒரு கிளாஸ் தேசிக்காய்த் தண்ணி மாதிரி.

இப்போது எருமைக்கு வருகிறேன்.

என் எருமைக்குப் பவளம் என்று பெயர். நல்ல குடும்பத்து எருமை. மிருக வைத்தியர் வந்து அவளுடைய காதில் மஞ்சள் தகடு ஒன்று குத்திவிட்டுப் போயிருக்கிறார். தகட்டில் நீளமாக ஓர் இலக்கம், அரசாங்க இலக்கம். ஒரு பொருள் எப்படிப் பிறக்கிறது என்று நேரடியாகச் செய்து காட்டுவதற்கு யதுர்ஷிகா எங்களிடம் ஓர் உதாரணப் பெயர் கேட்டாள். நான் பவளம் என்றேன். இலக்கம் ஒன்று வேண்டுமென்றாள். காதில் இருந்ததைச் சொன்னேன். இல்லாத மடை ஒன்றின் இலக்கம் சொல்லுங்கோ, பிறகு அழித்துவிடலாம் என்றாள். அலுவலகத்து வரைபடத்தில் இல்லாத மடை எதுவென்று எனக்குத் தெரிந்திருந்தது. முப்பத்தொன்று என்றேன். கைபேசிக்கு என்னுடையதைக் கொடுத்தேன்.

சுவர் பச்சையானது. பவளம் கமக்காரரானாள்.

பயிற்சிக்கென்று தனிப் பிரதி ஒன்று வைத்திருக்க அலுவலகம் யதுர்ஷிகாவுக்கு இடம் கொடுத்திருக்கவில்லை. பழகுகிற பிரதியும் ஓடுகிற பிரதியும் ஒன்றுதான். அந்நேரம் பார்த்துக் காற்றுக்கு ‘அழி’ என்ற பொத்தானின் எழுத்துகள் அடுத்த வளவுக்குள் போய்விட்டன, அவளும் மறந்துவிட்டாள். இரண்டு நாளில் என் கைபேசிக்குத் தகவல் வந்தது: ‘பவளம் அவர்களே, நாளை உங்கள் முறை.’ நான் தொழுவத்துக்குப் போய் வாசித்துக் காட்டினேன். அவள் அசைபோட்டாள். அடுத்தநாள் முப்பத்தோராம் மடை திறந்தது. சுப்பம்மா வரம்பில் நின்று தண்ணீரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். கொக்கொன்று போனது.

அந்தப் போகம் பவளத்தைப்போல ஒழுங்கான கமக்காரர் வாய்க்காலில் ஒருவருமில்லை. முறைக்கு மிஞ்சி ஒரு சொட்டு எடுக்கவில்லை. பக்கத்து வரம்பை வெட்டவில்லை. யாரோடும் கதைத்துச் சண்டைக்குப் போகவில்லை. கணினி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. பயிர் குடலைக்கு வந்த நேரம், அதாவது கதிர் வெளியே வராமல் தாளின் வயிற்றுக்குள் இருக்கிற நேரம், அலுவலகத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. இந்த வருடத்தின் முன்மாதிரிக் கமக்காரர் திருமதி பவளம்; அலுவலகத்துப் பெரியவர் நேரில் வந்து பொன்னாடை போர்த்துவார்; தவறாது சமூகமளிக்கவும்.

தவறாது என்று எழுதியிருந்தது. நான் சட்டத்தை மதிக்கிற ஆள். பவளத்தை வாய்க்காலில் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் பூசி, கூட்டிக்கொண்டு போனேன்.

பெரியவர் வெள்ளை நிறப் பிக்கப்பில் வந்து இறங்கினார். பேச்சுப் பேசினார். பிறகு திருமதி பவளத்தை மேடைக்கு அழைத்தார். பவளம் படியேறினாள். எங்கள் ஊர் மேடைப்படி அகலமானது, அதற்காகவே கட்டினது என்று சிலர் சொல்வார்கள். பெரியவருக்குக் கண்ணாடி பிக்கப்பில் இருந்தது. கண்ணாடி இல்லாமல் அவர் பார்க்கிறது கொஞ்சம். பொன்னாடையைப் போர்த்தினார். பொன்னாடை போதவில்லை. அம்மாவுக்கு என்ன வயதிருக்கும் என்று என்னிடம் காதோடு கேட்டார். பல்லைப் பார்த்தால் சொல்லலாம் என்றேன். பவளம் தனக்கென்று கொடுத்த பூச்செண்டை அங்கேயே நின்று சாப்பிட்டாள். அப்போதுதான் பெரியவருக்குச் சந்தேகம் வந்தது. அதற்குள் மண்டபம் முழுக்க எழும்பி நின்று கைதட்டிக்கொண்டிருந்தது, திலீபனைத் தவிர.

அது அப்படியே முடிந்திருக்கும். பெரியவர் வெட்கத்தில் ஒன்றும் கேட்காமல் போயிருப்பார். முப்பத்தோராம் மடைக்கு இன்னும் இரண்டு முறைத் தண்ணீர் கிடைத்தால் சுப்பம்மாவின் நெல்லு கரைசேர்ந்துவிடும். நான் அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தேன். சுப்பம்மா வேறு கணக்குப் போட்டிருந்தாள். முன்வரிசையிலிருந்து எழும்பினாள்.

“ஐயா, அந்த வயலு எருமயோடது இல்லீங்க. என்னோடது.”

நான் அவளுடைய சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன். திலீபன்கூட எட்டி வந்து, “சுப்பம்மாக்கா, கதிர் வாற நேரம். இப்ப வாய் திறந்தால் தண்ணி நிண்டுபோம்” என்று மெதுவாகச் சொன்னார். அதை நான் அவருக்குப் புண்ணியக் கணக்கில் எழுதிவைத்திருக்கிறேன்.

“நிக்கட்டும் தம்பி” என்றாள் சுப்பம்மா. “எரும முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு எத்தன போகம் வெள்ளாம செய்யிறது?” மேடையைப் பார்த்துத் திரும்பினாள். “செத்தவரு கமக்காரரு. கனடாவுல தூங்குறவரு கமக்காரரு. காதுல தகடு குத்துன எரும கமக்காரரு. உசுரோட சேத்துல நிக்கிறவ மட்டும் கமக்காரி இல்ல. இந்த அச்ச யாருங்க செஞ்சது?”

யதுர்ஷிகா குனிந்தபடி நின்றாள். பெரியவர் கண்ணாடியை எடுத்துவரச் சொல்லிப் போட்டுக்கொண்டு முதலில் பவளத்தைப் பார்த்தார். பார்த்த பிறகு அவருக்குக் குரல் உயர்ந்தது. அந்தப் பெயரை இந்த நிமிடமே அழிக்க வேண்டும், பேர்மிற் இல்லாத மடை பூட்டியே இருக்க வேண்டும் என்றார். யதுர்ஷிகா அழித்தாள். முப்பத்தோராம் கதவு ‘டக்’ என்று மூடுகிற சத்தம் மண்டபத்துக்கே கேட்டது. இடையில் அரைக் கட்டை தூரம், ஆனால் கேட்டது. சுப்பம்மாவின் வயலில் அத்தனை தாளுக்கும் வயிற்றில் கதிர். ஒரு கிழமை தண்ணீர் இல்லாவிட்டால் வெளியே வருவது பதர்.

எனக்கு அப்போது முழங்கால் இரண்டும் நல்லாக இருந்தன. எழும்பிக் கணினிக்குப் பக்கத்தில் போனேன்.

“பிள்ளை, என்னையும் அழி.”

“ஏன் அப்பு?”

“என்ர பேர்மிற் இலக்கத்தை எடு. எடுத்தால் நான் பிறக்கமாட்டன் எண்டு நீதானே படிப்பிச்சனீ.”

எனக்குப் பின்னால் கமலாசனி வந்து நின்றாள், அவளுடைய மாமனாரும் வந்தார், அவருக்குப் பின்னால் வாய்க்கால் முழுக்க வந்து நின்றது. ஒருவரும் கத்தவில்லை. வரிசையாக வந்து தன் தன் பெயரைச் சொல்லி அழிக்கச் சொன்னார்கள். யதுர்ஷிகா எச்சரித்தாள். கமக்காரர் ஒருவருமே இல்லையென்றால் கதவு ஒன்றுமே திறக்காது, எல்லாருடைய வயலும் காயும் என்றாள். தெரியும் என்றார்கள். எல்லாருக்கும் குடலைப் பருவம்தான், எல்லாருக்கும் தெரியும். கமலாசனி மட்டும், கெதியாய் அழி பிள்ளை, எனக்கு உலையில சோறு கிடக்கு என்றாள். யாரோ ரொறன்ரோவுக்குக் கோல் எடுத்தார்கள். தன்னை உடனே அழிக்கும்படியும், அப்படியாவது ஓர் இரவு முழு நித்திரை கொள்ளட்டும் என்றும் பதில் வந்தது.

பெரியவர் இதையெல்லாம் நிற்பாட்டச் சொல்லிவிட்டு வெளியே போய்ப் பிக்கப்பில் ஏறினார். பவளம் அதற்கு முன்னமே இறங்கிப்போய் பிக்கப்புக்கு முன்னால் படுத்திருந்தாள். பின்னால் மண்டபத்துச் சுவர். கோர்ன் அடித்தார். ஓட்டுநர் இறங்கி வாலைத் திருகினார். அவள் கண்ணை மூடினாள். அப்போது யதுர்ஷிகா எங்களுக்கு ஒரு விசயம் விளக்கினாள், பாடம் நடத்துகிற குரலில். ஒரு பொருளுக்கு நாங்கள் சொல்லி அனுப்பத்தான் ஏலும். அச்சில் எழுதின வேலையைத்தான் அது செய்யும். பவளத்துக்கு ‘எழும்பு’ என்று ஒருவரும் இன்னும் எழுதவில்லை.

பெரியவர் திரும்பி வந்து கதிரையில் இருந்தார். வேறு வழி அவருக்கு இல்லை.

கடைசியாகத் திலீபன் வரிசையில் வந்து நின்றார். சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தார். அதில் தகப்பனுக்கு வந்த தகவல்கள் ஒன்றும் அழிக்காமல் கிடந்தன. கொஞ்சநேரம் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

“அப்பாவை அழியுங்கோ, தங்கச்சி” என்றார். “என்ர பெயரைப் போட வழியிருந்தால் போடுங்கோ. இல்லாட்டிலும் பரவாயில்லை.”

சுவர் வெறுமையானது. தண்ணீர் நிறைந்த குளம், பயிர் நிறைந்த வயல்கள், கணினிக்குள் ஒரு கமக்காரரும் இல்லை. இந்தச் செய்தி கொழும்புக்குப் போனால் என்ன கேட்பார்கள் என்று பெரியவர் கைக்குட்டையால் முகம் துடைத்துக்கொண்டு யோசித்தது எங்களுக்குத் தெரிந்தது. கேட்டால் சொல்லுங்கோ, எல்லாரும் எருமையாகிவிட்டினம் எண்டு, என்றார் கமலாசனியின் மாமனார்.

அப்போது யதுர்ஷிகா நிமிர்ந்தாள். ‘கமக்காரர்’ என்ற அச்சைச் சுவரில் திறந்தாள். பேர்மிற் இலக்கம் கட்டாயம் என்ற வரியில் கையை வைத்தாள்.

“ஆரைக் கேட்டு மாத்துறீர்?” என்றார் பெரியவர்.

“ஒருத்தரையும் கேக்கேல்லை, சேர். இது கோணல் அச்சு. நான்தான் செய்தனான், நான்தான் திருத்த வேணும்.”

“வேலை போகும்.”

“போகட்டும். வேலை போன பிறகும் இவையளுக்குப் பாடம் எடுக்க வருவன்.”

அந்த வரியை அழித்தாள். அந்த இடத்தில் வேறொன்று எழுதினாள்: மடையில் நிற்கிற ஆள் யார்? பேர்மிற் இருந்தால் போடலாம், இல்லாவிட்டால் வெறுமையாக விடலாம், ஆள் பிறப்பார். எழுதி முடித்ததும் சோழகம் ஒரு வீச்சு வீசியது. நாங்கள் எல்லோரும் ஓடிப்போய்ச் சுவரில் கையை வைத்து எழுத்துகளைப் பிடித்துக்கொண்டோம். திலீபன் ஒரு கையால் எழுத்தையும் மறு கையால் தலையையும் பிடித்தார். ஓர் எழுத்தும் போகவில்லை.

“முதல் ஆள் வாங்கோ” என்றாள் யதுர்ஷிகா.

ஒருவரும் முன்னுக்குப் போகவில்லை. எல்லாரும் விலகி வழிவிட்டோம். சுப்பம்மா மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போனாள். யதுர்ஷிகா பெயர் கேட்டாள். சுப்பம்மா சொன்னாள். மடை? முப்பத்தொண்ணு. பேர்மிற்? இல்ல. யதுர்ஷிகா பொத்தானை அழுத்தினாள். சுவர் பச்சையானது. அந்தப் பச்சையில் சுப்பம்மாவின் முகத்தைப் பார்த்தவர்கள், குடலை விட்டுக் கதிர் வந்த வயல் மாதிரி இருந்தது என்று சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. என் கண்ணுக்குள் தூசி விழுந்திருந்தது, காற்று அப்படி.

அதன்பிறகு நான், கமலாசனி, திலீபன், திலீபனாகவே. எல்லாரும் பிறந்து முடிய, பவளத்துக்கென்று யதுர்ஷிகா தனியாக ஓர் அச்சு எழுதினாள். பெயர், காது இலக்கம், பால். செய்யத் தெரிந்த வேலைகள்: அசைபோடு, சேற்றில் படு, எழும்பு. கடைசியை அழுத்தினாள். வெளியே பவளம் எழும்பி நின்று உடம்பை உதறினாள். பெரியவர் பிக்கப்பில் ஏறிப் போனார். பொன்னாடையைத் தேடினோம். பவளம் அதையும் சாப்பிட்டிருந்தாள்.

அடுத்தநாள் காலை முப்பத்தோராம் மடைக்கு முறை. நான் போனபோது சுப்பம்மா ஏற்கெனவே அங்கே நின்றாள், மண்வெட்டியோடு. இப்போது கதவு தானாகத் திறக்குமே, ஏன் வந்து நிற்கிறாய் என்று கேட்டேன்.

“கதவ நம்பி வரல வெதானையாரே. யாரு வயலுக்குப் போறோம்னு தண்ணி பாத்துக்கிட்டுப் போகட்டும்னு வந்தேன்.”

அவளுடைய கைபேசி சத்தம் போட்டது. எடுத்து என்னிடம் நீட்டினாள். வாசித்தேன்: சுப்பம்மா அவர்களே, இன்று உங்கள் முறை. திரும்ப வாசிக்கச் சொன்னாள். திரும்ப வாசித்தேன். அவள் தலையாட்டிவிட்டு வயலுக்குள் இறங்கினாள். கதவு திறந்து தண்ணீர் அவளுடைய காலைச் சுற்றிக்கொண்டு போனது.

கதவின் மோட்டர் எதில் ஓடியதென்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். எங்கள் வாய்க்கால் கரைப் பக்கம் இன்றுவரை மின்சாரம் வரவில்லை.